பேட்டரித் தண்ணி

அங்க நின்னு குடிக்காதீங்க தம்பி. அந்தப் பாட்டிலை மூடிப் பைக்குள்ள வெச்சுக்குங்க. வந்ததும் வராததுமா அதிகாரம் பண்றாளேன்னு கோவிச்சுக்காதீங்க. தண்ணி வேணும்னா இப்படிப் பொடக்காளிப் பக்கம் வாங்க, அடுப்படிக்குப் பொறத்தால. மோரு கரைச்சு வெச்சிருக்கறேன், ஒரு போசி நிறைய இருக்குது. எத்தனை லோட்டா வேணும்னாலும் குடிங்க. ஆசாரத்துல, அந்த முன்கூடத்துல, கட்டல்ல கிடக்கறாருங்களே எங்கூட்டுக்காரரு, அவரு கண்ணு முன்னால மட்டும் ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கக் கூடாது. இந்த ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை எல்லாத்துக்கும் அதுதான் சட்டம். எனக்கும் அதேதான். நானும் இங்க ஒளிஞ்சு நின்னுதான் குடிக்கறேன், திருடிக் குடிக்கறாப்பல.

டாக்டர் அளவு போட்டுக் குடுத்திருக்கறாருங்க. அந்தப் பித்தளைச் சொம்பு தெரியுதுங்களா, காலைல அதுல ஒன்னு நிறைச்சு வெச்சுருவேன். மாத்திரைக்கு, காப்பிக்கு, ரசத்துக்கு, தொண்டை நனைக்க, எல்லாமே அதுக்குள்ளதான். மில்லுல பஞ்சு பிரிக்கற எடத்துல வேலை பார்த்த ஆளுங்க. அந்தத் தூசில நுரையீரலு போச்சு. நுரையீரலு போனதுக்கு அப்பறம் இருதயமும் வீங்கிப் போச்சு. எச்சாக் குடிச்சா தண்ணி வெளிய போறதில்லை. காலு வீங்குது, வயிறு வீங்குது, அப்பறம் நெஞ்சுக்குள்ள ஏறிக்குது. "தண்ணி உசுருதாம்மா, ஆனா அளவைத் தாண்டுனா இவரு கட்டல்ல படுத்த மேனிக்கே முங்கிப் போயிருவாரு"ன்னு டாக்டர் சொன்னாருங்க. எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும், அப்படியே புடிச்சுக்குவேன். அந்த அளவுல நான் ஒரு சொட்டு மாறுனதில்லை.

ஆனா கேப்பாருங்க. "தெய்வா, ஒரு வாய்"னு கேப்பாரு. விடிஞ்சதுல இருந்து பொழுது போற வரைக்கும் அந்த ஒரே சொல்லுதான். இந்தத் தோட்டம் முச்சூடும் ஒத்தையாளா மம்முட்டி புடிச்சுத் தண்ணி கட்டுன மனுசன், என்கிட்ட ஒரு வாய்க்குக் கை நீட்டறாரு. நான் "இல்லீங்க, அளவு முடிஞ்சுபோச்சுங்க"ன்னு சொல்லுவேன். மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. நானெல்லாம் மனுசியே இல்லைங்க தம்பி. கல்லு. கட்டுன புருசனுக்குத் தண்ணி இல்லைங்கறவ வேற என்னவாம்.

சரி, அதை உடுங்க. நீங்க பேட்டரி கம்பெனில இருந்து வந்திருக்கறீங்க, எங்கூட்டுக் கதையைக் கேக்கவா வந்தீங்க. ஆனா இதைக் கேட்டாத்தான் உங்களுக்கு அது விளங்கும். சித்தெ உக்காருங்க.

போன வருசத்துக்கு முந்துன வருசம் ஆஸ்பத்திரில போட்டிருந்தோமுங்க. கண்ணாடி ரூமுக்குள்ள, வாயில குழாயைச் சொருகி, கை ரெண்டையும் கட்டல் கம்பியோட கட்டி வெச்சுட்டாங்க. பிடுங்கிப் போடறாருன்னு கட்டுனாங்களாம். வெளிய வந்த அன்னைக்கு என்ற கையைப் புடிச்சுட்டு, "இனி என்னை அங்க கூட்டிட்டுப் போகாத தெய்வா, என்ன ஆனாலும் ஊட்டுலயே கிடந்துக்கறேன்"னு அழுதாரு. எங்க மாமனாரு நாச்சிமுத்துக் கவுண்டரு மகன் அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். மாட்டேன்னு அவரு கையில அடிச்சுக் குடுத்துட்டேன்.

ஊட்டுல வெச்சுக்கறதுன்னா, மூக்குக் குழாய்ல ஆக்சிஜன் குடுக்குதே, அந்தக் காத்து மிஷினு ஓடிட்டே இருக்கணும். அது கரண்டுல ஓடறது. எங்க தோட்டம் லைனுக்குக் கடைசில இருக்குது, காத்தடிச்சாப் போச்சு, மழை தூறுனாப் போச்சு. மிஷினு நின்னா இவருக்கு மூச்சு நிக்கும். அவ்வளவுதாங்க விசயம். அதனாலதான் மக மைதிலி மேல சோலார் போட்டு, கீழ அந்த ரூம்ல நாலு பேட்டரியும் வெச்சுக் குடுத்தா. திருப்பூர்ல மூணாவது மாடில இருக்கறா, அங்க வந்து இருங்கன்னும் கூப்புட்டா. மாடிப்படி ஏறறதுக்குள்ள இவரு போய்ச் சேந்துருவாரு. அதனால எங்களுக்கு அந்த நாலு பேட்டரிதான் ஆஸ்பத்திரி, அதுதான் எல்லாமும்.

வெச்ச புதுசுல எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பொழுதோட கரண்டு போனா விடிய விடிய ஓடும். இவரு பாட்டுக்குத் தூங்குவாரு, நான் அந்த மிஷினு சத்தத்தைக் கேட்டுட்டே கண்ணசருவேன். இப்ப? சோறு வடிச்சு இறக்கறதுக்குள்ள கீகீன்னு கத்துது. கத்துனா அடுத்தது நின்னுரும். போன வாரத்துல ரெண்டு தரம் நின்னு, இவரு உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. மூலைல ஒரு சின்ன சிலிண்டரு இருக்குது, அதை மாட்டித்தான் காப்பாத்துனேன். அதுலயும் இப்ப எவ்வளவு மிச்சம் இருக்குதோ. போன் போட்டா உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, ஒன்னை அழுத்துங்க ரெண்டை அழுத்துங்கங்குது. அழுத்தி அழுத்தி வெரலு தேஞ்சதுதான் மிச்சம். கடைசில மைதிலி சத்தம் போட்டதுக்கு அப்பறம்தான் உங்களை அனுப்பி வெச்சிருக்கறாங்க.

நீங்க நல்ல முகமா இருக்கறீங்க. உங்களைச் சொல்லலை. ஆனா உங்க கம்பெனி சரக்கு சரியில்லைங்க தம்பி. மூஞ்சிக்கு நேராவே சொல்றேன். வெச்சுக் குடுத்த ஆளு அஞ்சு வருசம் அசையாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. நல்லாப் பார்த்துக்கிட்டா ஏழு வருசம் கூட வரும்னாரு. நான் நல்லாப் பார்த்துக்கலைன்னு எவளாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

மேல இருக்கற பேனலைத் தினமும் காலைல ஏணி போட்டு ஏறித் தொடைக்கறேன், இந்த முட்டிவலியோட. பேட்டரி ரூமு ஜன்னலைச் சாத்துனதே இல்லை, அதுக்குக் காத்து வேணும்னு சொன்னாங்க. கம்பி மாட்டற எடத்துல பச்சை பூக்கக் கூடாதுன்னு வாசலின் தடவி வெச்சிருக்கறேன், என்ற உதட்டுக்குத் தடவுனதில்லை. கரண்டு இல்லாதப்ப டிவி போடறதில்லை, மிக்ஸி போடறதில்லை, ஃபேன் கூடப் போடறதில்லை. அம்மியிலதான் அரைக்கறேன். பேட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சக் கூடாது, பாதியோட நிறுத்துனா ஆயுசு கெட்டின்னு சொன்னாரு. அத்தனையும் இவரு மூச்சுக்குன்னு எடுத்து வெச்சேன்.

தண்ணி? அதைக் கேளுங்க. அதுலதான் நான் யாருக்கும் எளைச்சவ இல்லை.

நம்ம போரு தண்ணி உப்புங்க. அதை ஒரு சொட்டு ஊத்துனதில்லை. மழைத் தண்ணி ஊத்தலாம்னு ஒருத்தரு சொன்னாரு, வாட்டர் கேன் தண்ணி போதும்னு ஒருத்தரு சொன்னாரு. சீ போங்கன்னுட்டேன். மூலனூருக்குப் பஸ் ஏறிப் போயி, பேட்டரிக்குன்னே விக்கற சுத்தத் தண்ணி கேன் வாங்கிட்டு வந்து வெச்சிருக்கறேன். அந்த மூலைல அடுக்கியிருக்கறேன் பாருங்க. எங்கூட்டுலயே அந்த நாலும்தான் சுத்தமான தண்ணி குடிக்குது.

வெச்சுக் குடுத்த ஆளு என்ன சொன்னாருன்னா, மேல மூடில ஒரு குச்சி நிக்கும், அதுல செவப்புக் கோடு கீழ எறங்குனா மட்டும் ஊத்துங்க, மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்னாரு. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மாசத்துக்கு ஒரு தடவையாம். நான் மாடு வளர்த்தவ தம்பி. இவரு படுத்ததுக்கு அப்பறம்தான் கட்டுத்தரை காலியாச்சு. எந்த மாடு மாசத்துக்கு ஒருக்காத் தண்ணி குடிக்குது? தொட்டில தண்ணி நின்னாத்தான் மாடு நிக்கும். அந்த ஆளுக்கு அடுத்த ஊட்டுக்குப் போற அவசரம், வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதனால நான் தினமும் காலைல நாலுக்கும் தண்ணி காட்டிருவேனுங்க. ஒவ்வொரு மூடியாக் கழட்டி, சின்னப் புனல் வெச்சு, கழுத்து வரைக்கும். தண்ணி பளபளன்னு மேல வந்து நிக்கணும் எனக்கு. மூடியைப் போட்டா அந்தக் குச்சி ஜம்முனு எந்திரிச்சு நிக்கும். அதைப் பார்க்கறப்ப மனசு நிறைஞ்சு போகும் தம்பி. பொய் சொல்லலை. இந்த ஊட்டுல நான் வயிறு நிறையக் குடுக்க முடியறது அதுக்கு மட்டும்தான். போதும் போதும்ங்கற அளவுக்கு ஊத்துவேன். ஒருத்தரு கேட்டுக் கேட்டு நான் இல்லைங்கறேன், இது கேக்காமயே குடிக்குதேன்னு நினைச்சுக்குவேன். சில நாளு அங்கயே தரைல உக்காந்து அழுதுட்டு வருவேன்.

இவருக்கு அது புடிக்கறதில்லை. கட்டல்ல இருந்து பார்த்தா அந்த ரூமு நேரா தெரியும். "ஏ தெய்வா, அதுக்கு எதுக்கு இத்தனை தண்ணி, அளவா ஊத்து"ம்பாரு. பாவம், பொறாமை. வேற என்ன? தனக்குக் கிடைக்காதது அதுக்குக் கிடைக்குதேன்னு இருக்குமில்ல. தாகத்துல கிடக்கற மனுசன் முன்னால ஊத்தறது என்ற தப்புத்தான்னு, அப்பறம் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு ஊத்த ஆரம்பிச்சேன். அதுக்கும் ஒரு நாளு, "நான் சொல்றதைக் கேக்க மாட்டியா, அது கெட்டுப் போகும்"னு கத்தப் பார்த்தாரு. கத்த எங்க மூச்சு இருக்குது. இருமல் வந்து, கண்ணு சொருகி, நான் நெஞ்சைத் தடவி விட்டேன். சீக்காளிக்குக் கோவம் வரும், நாமதான் பொறுத்துக்கணும்.

வாங்க, எந்திரிங்க, ரூமைப் பார்க்கலாம். இப்படி ஆசாரத்து வழியாத்தான் போகணும். ஏனுங்க, பேட்டரிக்காரரு வந்திருக்கறாரு. தலையை ஆட்டறாரு பாருங்க, உங்களைக் கும்புடறாரு. நல்லாப் பண்ணிக் குடுத்துருவாரு, வெசனப்படாதீங்க, படுத்துக்குங்க.

இதுதாங்க நாலும். என்ன தம்பி, வந்த உடனே தரையைப் பார்க்கறீங்க? ஆமாங்க, சிமெண்டு அப்படியே வெள்ளையா பொரிஞ்சு போச்சு. கொத்தனாரு சிமெண்டுல மண்ணைக் கலந்துட்டான். அந்த இரும்பு ஸ்டாண்டையும் பாருங்க, தொட்டா உதிருது. அதுவும் உங்க கம்பெனி குடுத்ததுதான். படம் எடுங்க, நல்லா எடுங்க. உங்க மேனேஜருக்கு அனுப்புங்க, என்ன இரும்பு போட்டுக் குடுத்தாங்கன்னு அவரும் பார்க்கட்டும்.

அது மேல ஈரமா இருக்கறதுங்களா? அது வேர்வைங்க. உச்சி வெய்யிலுக்கு இது நாலும் உள்ளுக்குள்ள கொதிக்கும், காது வெச்சாக் கேக்கும், உலை கொதிக்கறாப்பல. அப்ப மூடி வழியா வேர்த்து ஊத்தும். பாவம், அதுவும் உழைக்குதில்ல. நான் ஓடி ஓடித் தொடைச்சுட்டே இருப்பேன். வேர்த்ததை ஈடுகட்ட மறுக்காவும் தண்ணி ஊத்துவேன். எத்தனை வேர்த்தாலும் அதை வறள விட்டதில்லை நான்.

கை? ஐயோ, இதைப் பார்த்துட்டீங்களா. தோலு உரிஞ்சுதான் கிடக்குது. சோப்பு மாத்துனதுல இருந்து இப்படி. மேக்காலத் தோட்டத்து நல்லக்கா ஊட்டுலயும் அதே சோப்புத்தான், அவளுக்கு ஒன்னும் ஆகலை. எனக்குத்தான் ஒத்துக்கலை. சேலையைப் பாருங்க, முந்தி முச்சூடும் பொத்தலு பொத்தலா. இது ஈரோட்டுச் சந்தையில எடுத்தது. நூலு நல்லா இல்லை. எந்தச் சேலை கட்டுனாலும் இந்தப் பக்கம்தான் பொத்தலு விழுது. எல்லாமே இப்ப ஏமாத்துச் சரக்குங்க தம்பி, உங்க பேட்டரியைச் சேத்துத்தான் சொல்றேன்.

அந்த நல்லக்கா ஊட்டுக் கதையைக் கேளுங்க, வயிறெரியும். அவ ஊட்டுலயும் இதே பேட்டரி, எனக்கு முன்னால வெச்சது. அவ அதை எட்டிக்கூடப் பார்க்கறதில்லை. அதுக்குப் பொறத்தால எலி குஞ்சு போட்டு வெச்சிருக்குது. எப்பவாவது நோம்பிக்கு ரூமைக் கூட்டறப்ப ஞாபகம் வந்தா தண்ணி ஊத்துவாளாம். அது என்னடான்னா கல்லு மாதிரி ஓடுது. நான் பெத்த புள்ளை மாதிரிப் பார்த்தேன், எனக்கு இப்படி. அதனாலதான் சொல்றேன், எனக்கு வந்த நாலும் பொல்லாத நேரத்துல செஞ்ச சரக்கு.

அய்யோ. போச்சுங்க. கரண்டு போயிருச்சு. ஐப்பசி பொறந்ததுல இருந்து வானம் இப்படித்தான் மூடிக் கிடக்குது, மேல பேனல்ல வெய்யிலே விழறதில்லை. கேட்டீங்களா, மிஷினு நின்னு மறுபடி எடுத்துச்சே? இனி பேட்டரிலதான் ஓடுது. தம்பி, கும்புடறேன், சீக்கிரம் பாருங்க. எது என்னன்னு பார்த்துச் சரி பண்ணி விடுங்க. உங்களுக்குத் தெரியாததா.

ஏனுங்க, ஒன்னுமில்லை, ஒன்னுமில்லை, கரண்டு போயிருக்குது, பேட்டரி ஓடுது. தம்பி இங்கதான் இருக்கறாரு. நிதானமா மூச்சு விடுங்க.

அது என்னங்க கையில, கண்ணாடிக் குழாய்? ரப்பரை அமுத்தி உள்ள இருக்கறதை உறிஞ்சறீங்களா. டாக்டர் ரத்தம் எடுக்கறாப்பல இருக்குது. உள்ள ஒரு மிதவை இருக்குதே, அது எதுக்குங்க? அடியிலயே போயி உக்காந்துருச்சு. மேல வரணுமா? ஏன் வரலை? அடுத்ததுலயும் உக்காந்துருச்சு. நாலுலயும் அப்படித்தானா? தண்ணி பத்தலைங்களா? பாதிக் கேன் இருக்குது, இருங்க எடுத்துட்டு வர்றேன்.

வேண்டாமா? ஏன்?

என்ன சொல்றீங்க, எனக்குப் புரியலை, மெதுவாச் சொல்லுங்க. உள்ள ஆசிட் இருக்கணும். சரிங்க. அதுதான் கரண்டைப் புடிச்சு வெக்கும். சரிங்க. அளவுக்கு மேல தண்ணி ஊத்துனா, கொதிக்கறப்ப அது ஆசிட்டையும் இழுத்துட்டு வெளிய வழியும். வழியற எடத்துக்கு மறுபடி வெறும் தண்ணி ஊத்துனா, உள்ள ஆசிட் கொறைஞ்சுட்டே வரும். அதனால இப்ப இதுக்குள்ள இருக்கறது...

வெறும் தண்ணியா?

இல்லை தம்பி. நீங்க கம்பெனிக்காரரு, பேட்டரி மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியும். தண்ணி எச்சாப் போனாக் கெடும்ங்கறது மனுசனுக்கு. அது டாக்டர் இவருக்குச் சொன்னது. உள்ளயே முங்கிருவாருன்னு சொன்னது இவருக்கு. இதுக்கு எப்படிப் பொருந்தும்? இது என்ன சீக்காளியா? இதுக்கு காலு வீங்குதா, வயிறு வீங்குதா? வேர்த்துத்தானே ஊத்துச்சு. நான் தொடைச்சுட்டுத்தானே இருந்தேன். அது வேர்வைதானுங்களே தம்பி?

அப்ப என்ற சேலை. இந்தப் பொத்தலு.

கத்துது. கேக்குதுங்களா, கத்த ஆரம்பிச்சுருச்சு. இன்னைக்கு இன்னும் வெரசா வந்துருச்சே. அக்கட்டால நகருங்க, அந்தப் புனலை எடுங்க, நான் ஒரு கை ஊத்திப் பார்க்கறேன். ஏன் குறுக்க நிக்கறீங்க? கையை விடுங்க தம்பி. கும்புட்டுக் கேக்கறேன், விடுங்க. நான் ஊத்தணும். வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு இந்த ஊட்டுல ஒருத்தரு போதும். அந்த மனுசன்கிட்ட நாளெல்லாம் வேண்டாம் வேண்டாம், இல்லை இல்லைன்னு சொல்லிச் சொல்லி என்ற நாக்கு புண்ணாப் போச்சு. இதுக்கும் வேண்டாம்னு சொல்லணும்னா நான் எங்க போவேன்? யாருக்குத்தான் ஊத்துவேன்?

நின்னுருச்சு.

மிஷினு நின்னுருச்சு தம்பி. ஓடுங்க. அந்த மூலைல, பச்சைத் துணி போத்தியிருக்குது பாருங்க, அதுதான் சிலிண்டரு. மூக்குல இருக்கற குழாயோட இந்த நுனியைப் பிடுங்கி அதுல சொருகணும். சாவி மேலயே கட்டியிருக்குது. இடது பக்கமாத் திருப்புங்க. நான் இவரைத் தூக்கிச் சாச்சுப் புடிச்சுக்கறேன். ஏனுங்க, இங்க பாருங்க, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. நான் இங்கதான் இருக்கறேன். வாயைத் திறந்து இழுங்க. தம்பி, திறந்துட்டீங்களா? காத்து வர்ற சத்தம் கேக்குதா? எனக்குக் கேக்கலை. எனக்கு ஒன்னும் கேக்கலை.

ம். வருது. நெஞ்சு எந்திரிக்குது. என்ற கையை அமுத்துங்க. ம், அமுத்தறாரு. அமுத்தறாரு தம்பி.

அந்த முள்ளு எங்க நிக்குது, சிலிண்டர்ல? செவப்புலயா. சரி. அதைச் சத்தமாச் சொல்லாதீங்க, அவருக்குக் காது நல்லாக் கேக்கும். யாருக்குங்க போன் போடறீங்க? ஆபீசுக்கா? பழைய பேட்டரி ரெண்டு ஏத்திட்டு வண்டி வருதா? தாராபுரத்துல இருந்தா? அதுக்குள்ள வந்துருமா? மெய்யாலுமே சொல்லுங்க, எனக்காகச் சொல்லாதீங்க. வரலைன்னா நான் அடிச்சுக் குடுத்த கையை என்ன பண்ணுவேன், இவரை மறுபடியும் அந்தக் கண்ணாடி ரூமுக்குத்தானே தூக்கிட்டுப் போவாங்க. உங்க வண்டில ஏத்தலாம்ங்கறீங்களா. பார்க்கலாம். இருங்க. சித்தெ இருங்க.

இல்லீங்க, ஆஸ்பத்திரின்னு யாரும் சொல்லலை. நீங்க படுத்திருங்க. யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகலை.

என்னங்க சொல்றாரு? நீங்க கிட்டத்துல நிக்கறீங்க, கேட்டுச் சொல்லுங்க. பேட்டரிக்கு ஊத்தாதன்னு சொல்றாரா. ஊத்தலைங்க. ஊத்த மாட்டேன். கேனைக் கீழ வெச்சுட்டேன், பாருங்க, கையில ஒன்னுமில்லை. நீங்க அப்பவே சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. நான்தான் கதவை ஒருக்களிச்சு வெச்சேன்.

உதட்டை நக்கறாரு பாருங்க தம்பி. காஞ்சு வெடிச்சுக் கிடக்குது. சொம்புல இருந்தது காலைலயே தீந்துபோச்சு. அளவு முடிஞ்சுபோச்சு. ஆனா கேக்கறாரு. மறுபடியும் கேக்கறாரு. இப்ப ஒரு வாய் குடுத்தா என்ன ஆகும்? ஒரு வாய்தானே? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க பேட்டரி பார்க்கறவரு. எனக்கு மட்டும் என்ன தெரியும். நேத்து வரைக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

உங்க பைக்குள்ள வெச்ச பாட்டிலை எடுங்க. பரவாயில்லை, அவரு முன்னாலயே எடுங்க. இந்தாங்க லோட்டா. நீங்களே ஊத்துங்க தம்பி. எனக்கு அளவு தெரியலீங்க.